அம்மா போட்ட ஒரு பிடி மாவு

டிசம்பர் 12, வெள்ளி

பழமும் முந்திரியும் போட்ட ரொட்டி இன்றும் சரியாக வரவில்லை. என் முதல் ரொட்டியைச் சாப்பிட்ட மில்லர்புரம் பேக்கரி அக்கா, "சனிக்கிழமை இதே மாதிரி இன்னொண்ணு கொண்டு வா. நல்லா இருந்தா கடையில வைப்போம்" என்று சொல்லியிருந்தார். அதே அளவில் நேற்று செய்தது நடுவில் அமுங்கிவிட்டது. அதனால் இன்று முப்பது கிராம் மாவு கூட்டினேன். செங்கல் போல வந்தது.

அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் ஒரு பிடி மாவு போட்டேனே, பொறவு ஏன் இப்படி?" என்றாள்.

"நான் எடை போட்ட பொறவு நீ ஏம்மா போட்ட?"

"ஏளா, தராசு நேரா நின்னதும் அப்படியே கொடுத்திருவாகளாக்கும்? திரேஸ்புரத்துல மீன் விக்கும்போது ஒரு பிடி நெத்திலி மேல போடாம நான் யாருக்காவது கொடுத்திருக்கேனா?"

முதல் ரொட்டிக்கும் போட்டாளாம். நேற்று மட்டும் மீன் விற்கப் போயிருந்ததால் போடவில்லை.

அப்படியானால் அக்காவுக்குப் பிடித்தது என் அளவு இல்லை. அந்தப் பிடி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத் தராசை நீட்டினேன். ஒரு தடவை இருபத்தெட்டு கிராம், அடுத்த தடவை நாற்பத்தொன்று.

"நீ இப்படி முறைச்சுப் பாத்தா கை எப்படி வரும்?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டில் எந்த எண்ணை எழுதுவது? அக்கா அளவு கேட்டால் என்ன சொல்வது?

நாளைக் காலையில் பழைய அளவில் மாவை எடை போட்டுவிட்டு, தண்ணீர் எடுப்பதுபோலத் திரும்பி நிற்கப்போகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் கை யோசிக்க ஆரம்பித்துவிடும்.