புதுத் தோல் சத்தம்

இன்று காலை நம் மருமகன் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் கிறுக் கிறுக் என்று அந்தச் சத்தம். அடுப்படியில் இருந்த நான் சட்டென்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன், சத்தம் எனக்குள்ளிருந்துதான் வருகிறது என்று. நீங்கள் இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

ஆனால் இது சிரிக்கிற நேரமில்லை. ஐந்தாறு நாளாக நெஞ்சில் அதே பழைய வலி. படுத்தால் கத்தி செருகினாற்போல் குத்தியது. எழுந்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் விட்டது. தலையணையை மடியில் வைத்து அதன்மேல் சாய்ந்தே பொழுதைக் கழித்தேன். இன்று விடிந்ததும் வலி இல்லை. மகளுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் பயம். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது, அப்போது சின்னக் குழந்தை.

முதல் தடவை வந்தபோது அவள் தூளியில் கிடந்தாள். வைத்தியரைக் கூட்டிவர ஆள் போயிருந்தது. அதுவரை பொறுக்காமல் நீங்களே என் நெஞ்சில் காதை வைத்தீர்கள். தோல் பதனிடும் ஷாப்பில் தோலை மடக்கிக் காதருகே பிடித்துத் தரம் பிரிக்கிறவருக்கு வேறென்ன தோன்றும்! "இன்னாடி இது, உள்ள புதுத் தோலு மடக்கற மாதிரி கேக்குது" என்றீர்கள். அந்த வலியிலும் எனக்குக் கோபம் வந்தது. என் நெஞ்சு என்ன உங்கள் ஷாப்புச் சரக்கா?

பிறகு வேலூரில் டாக்டரம்மா குழாய் வைத்துக் கேட்டார். இருதயத்தைச் சுற்றி இரண்டு மடிப்பாக மெல்லிய உறை இருக்கிறதாம். அது வீங்கி, மடிப்போடு மடிப்பு உரசுகிற சத்தமாம். புதுத் தோல் சத்தம் என்றுதான் டாக்டர்களும் சொல்வார்களாம். உங்களுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! "ஏன் வருதும்மா?" என்று நீங்கள் கேட்டதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. மிக்சர் கொடுத்தார், போயிற்று. மழைக்காலத்தில் திரும்ப வந்தது.

அன்றிலிருந்து காரணம் தேடுவதே உங்களுக்கு வேலை. வாயு என்று வைத்தியர் சொன்னார். வீட்டில் வாழைக்காய் நின்றது. பல்லிலிருந்து விஷம் இறங்கும் என்று வேறொரு டாக்டர் சொன்னார். என் கடைவாய்ப் பற்கள் போயின. கிணற்றுத் தண்ணீர் என்று யாரோ சொல்ல, பாலாற்று ஊற்றிலிருந்து குடம் குடமாக வந்தது. கடைசியில் உங்கள்மேலேயே சந்தேகம். ஷாப்பிலிருந்து எதையோ உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்து எனக்குக் கொடுக்கிறீர்கள் என்று முடிவு கட்டி, வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு பேரணாம்பட்டுக்குப் போய் ஒரு மளிகைக் கடையில் நின்றீர்கள். அங்கேயும் வந்தது. நான் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து கிடக்கிறேன், நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறீர்கள். "தோலு மேல தப்பு இல்லடி! என்னால வரல!" அந்த முகத்தைப் பார்த்த பிறகு உங்களை எப்படித் திட்டுவது? ஆம்பூருக்கே, பழைய ஷாப்புக்கே திரும்பினோம்.

அடுத்த தடவைதான் அந்தத் தப்பு நடந்தது. வலி நின்ற அன்று காது வைத்துப் பார்த்தீர்கள். சத்தம் இல்லை. "எண்ண போட்ட தோலு மாதிரி ஆய்டிச்சு. இனிமே கவலையில்ல" என்று தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தீர்கள். நானும் நம்பினேன். எண்ணெய் ஊறின தோல் சத்தம் போடாது என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? அந்தச் சர்க்கரை தீருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, கால் வீங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. டாக்டரம்மா நெஞ்சைத் தட்டிப் பார்த்ததுமே ஊசியை எடுத்தார். "சத்தம் நின்றது குணமாகி இல்லை. நடுவில் நீர் கோத்துக்கொண்டது, அதனால் உரசவில்லை" என்றார். எடுத்த நீரைச் சோதித்தும் காரணம் கிடைக்கவில்லை. க்ஷயரோகம் இல்லை என்றார்கள், அவ்வளவுதான். நீங்கள் வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தீர்கள். அதற்குப் பிறகு வலி வரும்போதெல்லாம் சத்தம் கேட்டால் உங்களுக்கு நிம்மதி, கேட்காவிட்டால் பேஜார். என் காலை விரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்க்காமல் வேலைக்குப் போக மாட்டீர்கள்.

இவ்வளவு பட்ட மனிதர், கழுத்தில் வந்த கட்டியைத் துண்டு போட்டு மறைத்தீர்களே! பச்சைத் தோல் மூட்டை தூக்கின தோளுக்கு மேலே, நடுவில் கறுத்த சின்னக் கட்டி. ஜுரத்தில் விழுந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. "வலியே இல்லடி. அதான் சொல்லல" என்றீர்கள். உங்கள் நோய்க்கு டாக்டர் பார்த்தவுடனே காரணம் சொன்னார்: நோயில் செத்த மாட்டின் தோலிலிருந்து ஒட்டியது. காரணம் தெரிந்த நீங்கள் அந்த வாரமே போய்விட்டீர்கள். காரணம் தெரியாத நான் பேரன் எடுத்துவிட்டேன். உங்கள்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

காலையில் மகளைக் கூப்பிட்டுக் காது வைத்துப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் வைக்கிற அதே இடத்தில் வைத்தாள். "ஒண்ணும் கேக்கலம்மா. சரியாப் போச்சு" என்று சிரித்தாள், உங்களைப் போலவே. நான் காலை அழுத்திப் பார்த்தேன். லேசாகப் பள்ளம் விழுகிறது. வேலூர் போக மத்தியான ரயிலுக்கு வண்டி சொல்லியாயிற்று. டாக்டரம்மா இந்தத் தடவையாவது காரணம் சொல்வாரா தெரியாது. உங்களுக்கும் சேர்த்துக் கேட்கத்தான் போகிறேன்.

துணைக்கு மருமகன் வருகிறார். அவருக்கும் அதே ஷாப்பில்தான் வேலை. தினமும் வீட்டுக்கு வந்ததும் சட்டையை விலக்கிக் கழுத்தைக் காட்டிய பிறகுதான் அவருக்குச் சோறு. இன்று பெட்டியைத் தூக்கியவரை அப்படியே நிறுத்தினேன்.

"இன்னா அத்தை, உங்களுக்கே உடம்பு சரியில்ல. இப்பவுமா?"

"இப்பவுந்தான். குனிங்க."

குனிந்தார். கழுத்தில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தேன்.