வராத டாலருக்கு ஒரு விலை

13 ஜூன் 2022, திங்கள்

டாலர் இன்று 78 ரூபாய். முதலாளி என் மேசைக்கு வந்து, "ஏம்மா ராணி, நாம எழுபத்தேழு அம்பதுக்கு எழுதிப்புட்டோமே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜனவரியில் நான் சொல்லித்தான் எழுதினார். மாதம் ஐந்து லட்சம் டாலருக்கு நம் நூல் போர்ச்சுகலுக்குப் போகிறது. பணம் வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் டாலர் இறங்கினால் நம் லாபம் போய்விடும். அதனால் அடுத்த மார்ச் வரை வரப்போகிற டாலரை இன்ன விலைக்குத் தருகிறோம் என்று பேங்கோடு முன்கூட்டியே ஒப்பந்தம். ஃபார்வர்டு என்போம். டாலர் ஏறினால் ஒப்பந்தத்தில் தோற்போம், கைக்கு வரும் டாலரில் அதை எடுத்துவிடுவோம். இறங்கினால் நேர் எதிர். எப்படியும் கணக்கு நேராகிவிடும். "கவலையில்லாம இருக்கலாம்யா" என்று அன்றைக்குச் சொன்னேன். அவர் காகிதத்தைப் படிக்கவே இல்லை. கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்டார். இந்த மில்லின் கணக்கு என் கைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எப்போதும் இப்படித்தான் கேட்பார்.

வீட்டுக்கு வரும் வழியில் மல்லி, கால் கிலோ. விலை குறைந்திருக்கிறது.

2 ஆகஸ்ட் 2022, செவ்வாய்

குடோனில் நூல் மூட்டை தேங்குகிறது. மே மாதம் உச்ச விலையில் வாங்கிய பஞ்சு இன்னும் தீரவில்லை, சந்தையில் பஞ்சு விலை சரிகிறது. போர்ச்சுகல்காரன் ஜூலை சரக்கைப் பாதிதான் எடுத்தான். அங்கே கரண்ட் பில் கட்ட முடியாமல் தறியை நிறுத்துகிறார்களாம்.

மதியம் நாகஜோதி கத்தரிக்காய் வெஞ்சனம் கொண்டுவந்தாள். இரண்டாம் யூனிட் சூப்பர்வைசர். பதினாறு வருடமாக எங்கள் இருவருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை. செம்பட்டிப் பக்கம் அவள் ஊரிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் இருபத்திரண்டு பெண்களை இங்கே வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவள். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வீட்டில் சண்டை, எல்லாம் அவளுக்குத் தெரியும். நூல் தேங்குவதும் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

5 செப்டம்பர் 2022, திங்கள்

மெயில் வந்துவிட்டது.

மீதி ஆர்டர் முழுவதும் ரத்து. அடுத்த கோடைக்கு முன்னால் புதிதாக எதுவும் எடுக்கும் எண்ணம் இல்லை. வருந்துகிறோம், உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. எட்டு வரி.

அச்செடுத்து முதலாளியிடம் கொண்டுபோனேன். இரண்டு தடவை தமிழில் சொல்லச் சொன்னார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். இது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம் என்றார். வேறு நாட்டில் நூல் வாங்க ஆள் பார்ப்பதாகவும், இரண்டு மாதம் பொறுத்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். விஷயம் வெளியே போனால் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள், ஆட்கள் கிளம்பினால் வருகிற ஆர்டரையும் ஓட்ட முடியாது. அதுவும் நியாயந்தான்.

ஆனால் ஃபார்வர்டு? ரத்து செய்தவன் போர்ச்சுகலில் இருக்கிறான். பேங்க் இங்கே இருக்கிறது. மார்ச் வரை மாதம் ஐந்து லட்சம் டாலர் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறோம். சரக்கு போகாவிட்டால் டாலர் எங்கிருந்து வரும்? டாலர் ஏறியிருக்கும்போது வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான்.

விலை மாறினால் என்ன என்று நூறு தடவை யோசித்தேன். ஆர்டரே போனால் என்ன என்று யோசித்தேனா? உறுதியான ஆர்டர் மூன்று மாதத்துக்குத்தான் கையில் இருந்தது. மீதியெல்லாம் வழக்கமாக வருவது, வந்துவிடும் என்று நானே போட்டுக்கொண்ட கணக்கு.

9 செப்டம்பர் 2022, வெள்ளி

சாப்பிடும்போது நாகஜோதி சொன்னாள். "அக்கா, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லுல கூப்புடுறாக. மூவாயிரம் கூடத் தாராகளாம். நம்ம புள்ளைகளயும் எடுத்துக்கிறேங்கிறாக. திங்கக்கெழமைக்குள்ள சொல்லணும். போகவா?"

நான் மோரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இங்க ஒண்ணும் இல்லைல?" என்று கேட்டாள்.

"இரு ஜோதி" என்றேன். "இங்க என்ன கொறச்சல்?"

சரி என்று தலையாட்டிவிட்டு டப்பாவைக் கழுவப் போனாள்.

10 செப்டம்பர் 2022

திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது. சொல்லிவிடலாம்.

12 செப்டம்பர் 2022

சொல்லவில்லை. அவள் போனால் இருபத்திரண்டு பேரும் போவார்கள், அந்த வாரமே யூனிட் நிற்கும். நிறுத்தியது நான் என்றாகும். முதலாளி துபாயில் யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஆர்டர் வந்தாலும் வரும்.

வரும் என்று நான் நம்புகிறேனா, அல்லது —

30 செப்டம்பர் 2022, வெள்ளி

பேங்கிலிருந்து அரையாண்டு மதிப்பீடு வந்தது. மீதமிருக்கும் ஆறு மாத ஒப்பந்தங்களையும் இன்றைய சந்தை விலைக்கு முடித்தால் நாம் கட்ட வேண்டியது ஒரு கோடியே நாற்பத்தொரு லட்சம். ஃபேர் வேல்யூ, நியாய மதிப்பு என்று தலைப்பு.

வீட்டில் கணவர் கிறிஸ்துராஜிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார், இந்தக் கணக்கெல்லாம் புரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஜோதிக்குத் தெரியுமா என்று அதை மட்டும் கேட்டார்.

12 அக்டோபர் 2022, புதன்

ஆடிட்டர் மீரான் வந்தார். பேங்க் கடன் வரம்பைப் புதுப்பிக்க அரையாண்டுக் கணக்கை அவர் பார்த்துத் தர வேண்டும். பேகம்பூர்க்காரர், அதிர்ந்து பேச மாட்டார். அந்த ஒரு கோடியே நாற்பத்தொரு லட்சத்தைப் பென்சிலால் வட்டம் போட்டார்.

விதி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏற்றுமதி நடக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருந்தால் இந்த நஷ்டத்தை லாபத்தில் கழிக்காமல் தனியே நிறுத்திவைக்கலாம். டாலர் வருகிற அன்று இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். ஏற்றுமதி இனி நடக்காது என்று தெரிந்துவிட்டால் நிறுத்திவைக்க முடியாது. முழுதும் இன்றைய நஷ்டம். அதைக் காட்டினால் பேங்க் கடனைக் குறைக்கும்.

நிறுத்திவைக்க வேண்டுமென்றால் நிதிப் பொறுப்பில் இருப்பவர் எழுதித் தர வேண்டும். அது நான்.

மாலை முதலாளி கூப்பிட்டார். "ஒரு வரிதானம்மா. ஆர்டர் வரும்னு எழுதிக் குடு."

வராதென்று மெயில் இருக்கிறதே ஐயா என்றேன்.

"அவன் வரமாட்டான். வேற ஒருத்தன் வருவான். வரமாட்டான்னு ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. வருவான் என்பதும் தெரியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

13 அக்டோபர் 2022, வியாழன்

மீரான் நேராகக் கேட்டார். "ரத்துன்னு கடுதாசி ஏதும் வந்துச்சாம்மா?"

டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். படித்தார். தேதியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல் பைலில் வைத்துக்கொண்டார்.

இதில் வீரம் ஒன்றும் இல்லை. பொய் சொல்ல நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் ஜோதியிடம் சொன்னது என்ன? அன்றைக்கு நாக்கு எழுந்ததே. ஆடிட்டர் கேட்டால் உண்மை, கூடச் சாப்பிடுகிறவள் கேட்டால் மோர்.

18 அக்டோபர் 2022

முதலாளி என்னோடு பேசுவதில்லை. காகிதங்கள் பியூன் வழியாக வந்து போகின்றன.

21 அக்டோபர் 2022, வெள்ளி

தீபாவளி போனஸ் கொடுத்தோம். பெண்கள் புதுச் சேலை எடுக்க டவுனுக்குக் கூட்டமாகப் போனார்கள். நாகஜோதி எனக்கும் ரவிக்கைத் துணி வாங்கிவந்தாள், ஆகாய நீலம். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் எப்படி இருப்பது?

31 அக்டோபர் 2022, திங்கள்

பேங்க் கடனில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டது. இரண்டாம் யூனிட் இன்றோடு நிற்கிறது. நூற்று நாற்பது பேர். நோட்டீஸை நான்தான் டைப் செய்தேன், வேறு யார் செய்வது. சம்பளப் பட்டியலில் இருந்த பெயர்களைத்தான் எடுத்து ஒட்டினேன். நாகஜோதி பெயர் முதல் பக்கத்தில் ஏழாவது.

எலெக்ட்ரீஷியன் ராமர் மெயினை அணைத்தார். நூல் நூற்கும் ரிங் பிரேம்கள் ஒவ்வொன்றாக நின்றன. வருடக்கணக்காக அந்தச் சத்தத்துக்கு மேலேதான் அவர்களுக்குப் பேசிப் பழக்கம். சத்தம் நின்ற பிறகும் அந்தப் பெண்கள் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1 நவம்பர் 2022, செவ்வாய்

மதியம் அவள் வந்தாள். டப்பா இல்லை. உட்காரவில்லை.

"ஒனக்கு எப்பக்கா தெரியும்?"

மழுப்பவில்லை. "செப்டம்பர் அஞ்சு."

அவள் உதடு அசைந்தது. நாளை எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"நான் ஒம்பதாந் தேதி கேட்டேன்."

"ஆமா."

"வேடசந்தூர்ல எடம் போயிருச்சு. இப்ப அங்கயும் ஒரு ஷிப்ட நிப்பாட்டப் போறாகளாம். எனக்காச்சும் பரவாயில்லக்கா. அந்தப் புள்ளைக நான் சொன்னேன்னு இருந்துச்சுக. நான் நீ சொன்னேன்னு இருந்தேன்."

திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். மேசையில் இருந்த என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள், மூடியைத் திருகி வைத்துவிட்டுப் போனாள்.

முதலாளி சொல்ல வேண்டாம் என்றார் — அதனால் சொல்லவில்லை. ஆர்டர் வரும் என்று நினைத்தேன் — அதனால் சொல்லவில்லை. எழுதிப் பார்த்தால் இரண்டும் சரியாகத்தான் தெரிகிறது. ஆனா நான் பயந்தேன். நான் சொல்லி எழுதின ஃபார்வர்டுதான் மில்லக் குடிச்சுச்சுன்னு ஆகிருமேன்னு பயந்தேன். நாள் போனா எல்லாம் மறைஞ்சிரும்னு இருந்தேன். அம்புட்டுத்தான்.

6 நவம்பர் 2022, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை.

28 நவம்பர் 2022, திங்கள்

கன்னிவாடித் தென்னந்தோப்பை முதலாளி விற்றார். மாதாமாதம் ஒப்பந்தம் முடிகிற நாளில் பேங்க் இருபது, இருபத்தைந்து லட்சம் எடுக்கிறது. மீதி யூனிட்டும் நிற்காமல் இருக்கத்தான் இந்த விற்பனை. பத்திர ஆபீசுக்கு என்னைக் காகிதங்களோடு வரச் சொல்லியிருந்தார்.

நியாய மதிப்பு என்றால் என்ன என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். அவசரமில்லாத இரண்டு பேர், சாதாரணமான ஒரு நாளில், தெரிந்தே விற்று வாங்கும் விலை. நெருக்கடியில் விற்றது அதில் சேராது. தரகர் சடையாண்டிக்குத் தோப்பு ஏன் விற்கப்படுகிறது என்று தெரியும். வாங்குகிறவருக்கும் தெரியும். ஏக்கருக்கு எட்டு லட்சம் குறைத்தே கேட்டார்கள். முதலாளி பேரம் பேசவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் காருக்குக் காத்திருந்தபோது, ஆறு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"நீ ஆடிட்டர்கிட்டக் குடுத்தது சரிதாம்மா. எனக்குக் கோவம் அதுல இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம்."

ஜனவரியில், ஆர்டர் போனால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் ஐயா என்றேன்.

"நான் படிச்சிருக்கணும்" என்றார். கார் வந்தது. முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

வழி முழுக்க அவர் தலையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அறுபத்திமூன்று வயது. இவ்வளவு நரைத்திருந்ததை இன்றுதான் பார்க்கிறேன்.

25 டிசம்பர் 2022

கேக் வெட்டினோம். இந்த வருடம் செம்பட்டிக்கு, ஜோதி வீட்டுக்கு, யாரும் கொண்டுபோகவில்லை.

9 பிப்ரவரி 2023, வியாழன்

இரண்டாம் யூனிட் ஆட்களுக்குக் கணக்குத் தீர்த்தோம். ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டு செக் வாங்கிப் போனார்கள். நான்கு மணிக்கு நாகஜோதி.

"எங்க போடணும் மேடம்?"

பென்சிலால் குறி வைத்திருந்த இடத்தைக் காட்டினேன். தாளில் இருந்த ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துப் படித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பரவாயில்லை, படிக்கட்டும் என்றேன். பணிக்கொடையில் ஒரு வருடம் குறைகிறதே என்று கேட்டாள். எடுத்துப் பார்த்தேன், குறைந்துதான் இருந்தது. என் தவறு. திருத்தி வேறு செக் எழுதிக் கொடுத்தேன்.

நாகஜோதி திருப்பூர் போவதாகப் பின்னால் நின்ற பெண் சொன்னாள். ஒன்பது பேரைக் கூட்டிப் போகிறாளாம். மற்ற பதின்மூன்று பேர் காட்டு வேலைக்கும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் பிரிக்கவும் போய்விட்டார்கள்.

31 மார்ச் 2023, வெள்ளி

கடைசி ஒப்பந்தம் முடிந்தது. இனி பாக்கி இல்லை. மீதி யூனிட் உள்ளூர் ஆர்டரில் ஓடுகிறது. ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். முதலாளி வாங்கவில்லை. நீயும் போயிட்டா யாரு பாக்குறது என்றார். இருக்கிறேன். எனக்கு வேலை இருக்கிறது.

18 ஜூன் 2023, ஞாயிறு

ஜோதியைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று கிறிஸ்துராஜ் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்று பஸ் ஏறித் திருப்பூர் போனேன். சொல்லாமல்தான் போனேன். சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாளோ என்று.

லைன் வீடு. ஒரே அறையில் நாலு பேர். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள், கையில் இருந்ததை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு உள்ளே வரச் சொன்னாள். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பத்து மணி நேரம் நின்றுகொண்டே. கால் வீங்கியிருந்தது. சூப்பர்வைசர் வேலை கிடைக்கவில்லையா என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன். டீ போட்டாள். கூட வந்த ஒன்பது பேரில் இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். ஒருத்தி ஊருக்கே திரும்பிவிட்டாளாம். சொல்லிக்கொண்டே வெங்காயம் உரித்தாள். நானும் இரண்டு எடுத்து உரித்தேன்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வரும் வழியெல்லாம் யோசித்துவைத்த வாக்கியம் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் ஜோதி" என்றுதான் வந்தது. அவள் எழுந்தாள். கத்தியைக் கழுவி வைத்தாள்.

பஸ் ஸ்டாப் வரை வந்தாள். மறுபடி வா என்று சொல்லவில்லை. பஸ் வருவது தெரிந்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்க கம்பெனியும் வெளிநாட்டுக்குத்தான் அனுப்புது. பேரு எழுதித் தாரேன். ஒங்க பேங்க்லயோ ஆடிட்டர்கிட்டயோ ஏதாச்சும் காதுல விழுந்தா, அன்னைக்கே எனக்குச் சொல்லிரு."

சொல்கிறேன் என்றேன்.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கம்பெனி பெயரையும் தன் புது நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். நம்பரை ஒரு தடவை திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.