ஊதா வண்டி என்னுடையது இல்லை

ஜூன் 3, செவ்வாய்

தக்காளி மறுபடியும் போச்சு. விடியும்முன் வருகிறேன் என்ற கேரியர்காரன் வெயில் ஏறிய பிறகு சிரித்துக்கொண்டே வந்தான். சிங்காடோகா சந்தையில் பெட்டியைத் திறந்தால் அடியில் எல்லாம் சட்னி. இன்னும் எத்தனை அறுவடைக்கு இவன் லாரியை நம்பிக் காத்துக் கிடப்பது?

அவனைத் திட்டுவதற்கென்றே லாலி மொபைல் ரீசார்ஜ் அட்டை ஒன்று வாங்கினேன். அட்டை வாங்குகிறவர்களுக்குக் குலுக்கல், பரிசு புது பிக்கப் வண்டி. தம்பி செவுலோனி தினம் ஒன்று வாங்குகிறான். சேர்ந்துபோன பேச்சு நேரத்தைத் தீர்க்க ஆளில்லாமல் பக்கத்து வீட்டிலிருந்து என்னையே அழைக்கிறான். "அக்கா, என்ன பண்றே?" ஜன்னலைத் திறந்தால் தெரியும்டா, தடியா.

ஜூன் 10, செவ்வாய்

லாலி மொபைலிலிருந்து ஹேமிஷ் என்று ஒருவன் பேசினான். மேனேஜராம், ஆஸ்திரேலியக்காரன். "மேடம், நீங்கதான் ஜெயிச்சிருக்கீங்க!" தப்பு நம்பர் என்று வைத்துவிட்டேன். பிறகு குறுஞ்செய்தி வந்தது, வண்டியின் படத்தோடு. ஊதா நிறம். பின்னால் என் தக்காளிப் பெட்டி அத்தனையும் கொள்ளும்.

பீன்ஸ் கொடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து அழுதேன். எனக்கு! எனக்கு ஒரு வண்டி!

பிறகுதான் யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்தேன்.

ஜூன் 11

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

ஏன் சொல்லவில்லை? சொன்னால் அந்த வண்டியில் நான் ஏறவே போவதில்லை. 'கெரேகெரே', அதாவது 'கொஞ்சம் கொடேன்', என்று சொந்தக்காரன் வந்து நின்றால் கொடுத்தாக வேண்டும். 'இல்லை' என்று சொல்லும் வாய் இந்த ஊரில் இன்னும் யாருக்கும் முளைக்கவில்லை. என் வாஷிங் மெஷின் சித்தி வீட்டில் இருக்கிறது, நான் ஆற்றில் துவைக்கிறேன். மாமா மகன் புல்வெட்டும் மெஷின் வாங்கினான், அது ஊர் ஊராகச் சுற்றி வெறும் கைப்பிடியாகத் திரும்பி வந்தது.

நானும் யோக்கியம் இல்லை. செவுலோனியின் பெரிய அண்டா இரண்டு கிறிஸ்துமஸாக என் அடுப்படியில்தான் கிடக்கிறது.

ஜூன் 16, திங்கள்

தோட்டத்தில் ஒளிந்துகொண்டு ஹேமிஷிடம் பேசினேன். வண்டி வேண்டும், ஆனால் நான் வாங்கியது யாருக்கும் தெரியக்கூடாது என்றேன். மேடையில் ஏறி வண்டியோடு படம் எடுக்க வேண்டும், அதுதான் விதி என்றான்.

"தலையில ஒரு பையை மாட்டிக்கிட்டு நிக்கட்டுமா?"

"மேடம்… உங்க மேல போலீஸ் கேஸ் ஏதாவது இருக்கா?"

"அதைவிட மோசம். சொந்தக்காரங்க இருக்காங்க."

அவனுக்குப் புரியவில்லை. பெயர் கேட்டான். உனைசி என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. சிம் செத்துப்போன அத்தையின் பேரில் இருக்கிறது. அவனிடம் இருப்பது என் நம்பர் மட்டும்தான்.

ஜூன் 20, வெள்ளி

குலுக்கல் முடிந்துவிட்டது, வெற்றியாளர் வெளியே வரத் தயங்குகிறார் என்று கம்பெனி ரேடியோவில் சொல்லிவிட்டது. கேட்டவுடன் செவுலோனி எழுந்து நின்றுவிட்டான்.

"எவனாவது வண்டி வாங்கத் தயங்குவானா? ஆளே கிடையாது! மேனேஜர் மச்சானுக்குக் கொடுத்திருப்பான்!"

ஊரே ஆமாம் என்றது. நானும் ஆமாம் என்றேன். வேறென்ன செய்வது?

ஜூன் 27, வெள்ளி

இன்று லாலி கடை முன்னால் ஆர்ப்பாட்டம். தலைவர் என் தம்பி. படுக்கை விரிப்பில் 'முகத்தைக் காட்டு!' என்று பெரிதாக எழுதியிருந்தான். பிடிக்க ஆள் பற்றவில்லை, "அக்கா, நீ அந்த முனையைப் பிடி" என்றான். பிடித்தேன். காற்று அடித்து விரிப்பு என் முகத்தை மூடிவிட்டது, அது ஒன்றுதான் ஆறுதல். பிறகு கூட்டம் பாலத்துக்குப் போய் சிம் கார்டுகளை ஆற்றில் எறிந்தது. நான் ஒரு பழைய சிம்மை எறிந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

சிம்மை எறிந்துவிட்டு வீட்டுக்கு எப்படிப் போன் பண்ணுவது என்று தெரியாமல் பாதிப் பேர் செவுலோனியின் போனைக் கேட்டு நின்றார்கள். அவன் எறியவில்லை. "இதுல இன்னும் பேச்சு நேரம் கிடக்குடா!"

ஜூலை 1

தூக்கம் இல்லை. வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அடுத்த அறுவடைத் தக்காளி பழுக்கத் தொடங்கிவிட்டது.

ஜூலை 5, சனி



ஆர்ப்பாட்டத் தலைவரைச் சமாதானம் செய்ய ஹேமிஷ் எங்கள் ஊருக்கே வந்துவிட்டான். பூப்போட்ட சட்டை, இடுப்பில் எங்கள் ஊர் வேட்டியான சுலு, கையில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டு. எதைக் கேட்பதானாலும் வேரை முன்னால் வைத்துக் கேட்பதுதான் இங்கே மரியாதை. வெளியே மாமரத்தடியில் ஊதா வண்டி. ஊர்க் கூடத்தில் பெரியவர்கள் முன் வேர்க்கட்டை வைத்து மன்னிப்புக் கேட்டான். வெற்றியாளர் உண்மையிலேயே இருக்கிறார், தன்னிடம் பேசியிருக்கிறார் என்றான்.

"இருக்காங்கன்னா இப்பவே கூப்பிடுங்க. எங்க காதுல விழட்டும்" என்றான் செவுலோனி.

ஹேமிஷ் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த நம்பரை அழைத்தான். என் மடியில் போன் பாடியது.

செவுலோனி திரும்பி முறைத்தான். "அக்கா, அதை முதல்ல அணை! ஜெயிச்சவன் போன் கேக்க மாட்டேங்குதுல்ல!"

அழைப்பைத் துண்டித்தேன். "கட் பண்ணிட்டாங்க" என்றான் ஹேமிஷ். மறுபடியும் அழைத்தான். மறுபடியும் என் மடி பாடியது. யங்கோனா கலக்கிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது.

யார் முதலில் வாயைத் திறந்தது என்று நினைவில்லை. திட்டு என்று நினைத்தேன். திட்டு இல்லை. "உனைசி, வியாழக்கிழமை சாவு வீட்டுக்கு வண்டி வேணும்." அடுத்தது சர்ச்சுக்கு. அடுத்தது நாண்டியில் பேத்தி பிறந்தநாளுக்கு. சாவி இன்னும் என் கைக்கு வரவே இல்லை!

எங்கிருந்து வந்தது என்று தெரியாது, எழுந்து சொன்னேன்: "ஹேமிஷ் தம்பி, வண்டி கம்பெனி பேர்லயே இருக்கட்டும். உங்க விளம்பரத்தை மேல எழுதிக்குங்க. நான் ஓட்டிக்கிறேன், அது போதும்."

விளம்பரம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. கையைக் குலுக்கி, "சரி அக்கா!" என்றான். கேட்டவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

செவுலோனி மட்டும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் நின்று, "எங்கிட்டகூடச் சொல்லலியே அக்கா" என்றான். அவ்வளவுதான். அவமானமாக இருந்தது. தம்பிகிட்டகூடச் சொல்லாம என்ன பொல்லாத வண்டி?

ஜூலை 12, சனி

சந்தைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். ஒரு பழம் நசுங்கவில்லை. வழியில் வண்டி கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "வண்டி என்னுது இல்லையே, கம்பெனியைத்தான் கேக்கணும்." பொய்யும் இல்லை, மறுப்பும் இல்லை. இப்படி ஒரு வாக்கியம் இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தது?

செவுலோனியிடமிருந்து போன் இல்லை. அண்டாவைத் தேய்த்துக் கழுவி அவன் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

நிஜமாகவே கம்பெனியைக் கேட்கப் போய்விட்டார்கள்! சூவாவில் இருக்கும் லாலி அலுவலகத்துக்குப் பஸ் ஏறி, ஆளுக்கொரு வேர்க்கட்டோடு. எங்கள் ஊர் மட்டும் இல்லை, கேள்விப்பட்ட ஊர் எல்லாம். யாரும் ரீசார்ஜ் வாங்குவதில்லை, பாய் விரித்து உட்கார்ந்து வண்டி கேட்கிறார்கள். மரியாதையாக வேர் வைத்துக் கேட்டால் ஹேமிஷுக்கு மறுக்கத் தெரியவில்லையாம். காலையிலிருந்து யங்கோனா குடித்து நாக்கு மரத்துப்போய், தலையை மட்டும் ஆட்டுகிறானாம்.

என் வண்டி தோட்டத்தில் இருக்கிறது. பிறகு எந்த வண்டியைக் கொடுக்கிறான்?

ஆகஸ்ட் 6, புதன்

ஹேமிஷ் அழைத்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அக்கா, வெள்ளிக்கிழமை சிட்னியிலேருந்து பெரிய முதலாளிங்க நாண்டியில வந்து இறங்குறாங்க. இந்தப் போட்டி ஏன் இப்படி ஆச்சுன்னு விசாரிக்க."

"கார் அனுப்பேன்."

"ஆபீஸ் காரெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போயிருக்கு. என் காரு எந்தத் தீவுல இருக்குன்னே தெரியல. அதான் அக்கா… அந்த வண்டி… ஒரு நாளைக்கு மட்டும்…"

பழக்கதோஷம். வாய் தானாகவே சொல்லிவிட்டது: "வண்டி என்னுது இல்லையே தம்பி, கம்பெனியைத்தான் கேக்கணும்."



"நான்தானே அக்கா கம்பெனி."

பாவமாக இருந்தது. சரி, நானே ஓட்டிக்கொண்டு போய் அழைத்து வருகிறேன் என்றேன். ஆனால் வெள்ளியும் சந்தை நாள், தக்காளிப் பெட்டிகளை இறக்க மாட்டேன், முதலாளிகள் மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

போனை வைத்ததும் மறுபடியும் அடித்தது. பக்கத்து வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, என்ன பண்றே?"

அழுதுவிட்டேன். அவன் கேட்காததுபோல் பேசிக்கொண்டே போனான். வெள்ளிக்கிழமை அவனும் வருகிறானாம். முகம் தெரியாத ஆட்களை விமான நிலையத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்கு ஏதாவது எழுதிப் பிடிக்க வேண்டாமா என்றான். ஆர்ப்பாட்டத்தில் பிடித்த அந்தப் படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறான். ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும்.