கணக்குப் பார்க்க வந்த மாப்பிள்ளை

திருவண்ணாமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சினேகாவுக்கு, சித்தப்பா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கே நான், உன் சித்தி ஆதிலட்சுமி, அவளுடைய முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். நீ புனேயில் சப்பாத்தி தின்று இளைக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன வாரம் எங்க நகராட்சி ஆபீசில் நடந்ததை போனில் சொன்னால் நீ நடுவிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ கட்டிக்க ஆசைப்படுகிற இளஞ்செழியனைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை உங்கப்பா என் தலையில் வைத்தார் இல்லையா, நீ சரின்னா சரிடான்னு. பையன் தணிக்கைத் துறை, நானோ ஹெட் கிளார்க். இந்த வருஷம் எங்க ஆபீசுக்கு ஆடிட் பார்க்க வருவது அவனேதான்னு தெரிந்ததும் மூவுலகத்தையும் ஜெயித்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. யாரென்று காட்டிக்காமல் கூடவே இருந்து வேவு பார்ப்பதாகத் திட்டம். அதற்கு முன்னால் தணிக்கைச் சட்டத்தை எடுத்து வரி விடாமல் படித்தேன். அடேயப்பா, ஆடிட்டர் எந்தப் பதிவேட்டையும் கேட்கலாம், சம்பந்தப்பட்ட யாரையும் கூப்பிட்டு விசாரிக்கலாம், கேட்டதற்கு பதில் சொல்லியே ஆகணும், தேவேந்திரனுக்கே இவ்வளவு அதிகாரம் கிடையாது. ஆனால் எத்தனை தடவை புரட்டியும், ஹெட் கிளார்க் வீட்டில் பெண் கேட்கலாம்னு ஒரு பிரிவும் இல்லை, அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

வந்தான். சட்டை மடிப்பில் காய்கறி நறுக்கலாம், அப்படி ஒரு இஸ்திரி. டீ கொடுத்தால் வேணாங்கன்னு தன் பாட்டில் தண்ணீரைக் குடித்தான். பில் கலெக்டர் பலராமன் பதிவேட்டை மேசையில் வைத்தால், அதைத் திறக்காமல் என் முகத்தையே பார்க்கிறான். நீ போட்டோ காட்டியிருப்பாய் போல, கழுதை. சினேகா சித்தப்பாங்களான்னு கேட்டான். சட்டப்படி பதில் சொல்லணுமே, ஆமான்னேன். உடனே எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னாடியும் மேலதிகாரிக்குப் போன் போட்டு, எனக்கு மாமனார் ஆகப்போறவர் இங்க வேலை செய்யறார், இந்தக் கணக்கை நான் பார்க்கக் கூடாது, வேற ஆளை அனுப்புங்கன்னு சொல்லிட்டான்.

அவ்வளவுதான், பலராமன் ஜாங்கிரி வாங்க ஓடுகிறான், டைப்பிஸ்ட் மதிவதனி புடவை எப்போன்னு கேட்கிறாள், மத்தியானத்துக்குள் ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற வெள்ளைக்காரர்கள் வரைக்கும் எனக்கு வாழ்த்துச் சொல்லியாச்சு. நானோ இன்னும் சம்மதமே சொல்லவில்லை. கோபத்தோடு வாசலில் அவனை மடக்கி, ஏம்ப்பா, நான் வேணாம்னுட்டா நீ என்ன பண்ணுவாய்னு கேட்டேன். பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னான்.

"நீங்க வேணாம்னாலும் உங்க கணக்கை என்னால நேராப் பாக்க முடியாதுங்க. மனசு இந்தப் பக்கம் வந்துடுச்சு."

பெண்ணைக் கொடுங்கன்னு ஒரு வார்த்தை கெஞ்சவில்லை, ஆனால் இதைவிட ஒருத்தன் எப்படிக் கேட்பான், நீயே சொல்லு. இன்றைக்கு வீட்டுக்கு வந்தான், சித்தி கையால் ஒரு மலையளவு கேசரி தின்றான். அவனுக்குப் பதிலாக வந்த ஆடிட்டரம்மா ஆபீஸ் நாற்காலிகளைக்கூடக் கவிழ்த்துப் பார்த்து என்னைப் பிழிந்தெடுப்பது தனிக்கதை, உன் கல்யாணத்துக்காகத் தாங்கிக்கொள்கிறேன். உங்கப்பாவிடமும் சொல்லிட்டேன், பார்த்தாச்சு அண்ணா, பையன் மேல் தணிக்கைத் தடை, அதான் ஆடிட் அப்ஜெக்ஷன், எதுவும் இல்லைன்னு.

தை மாசத்துக்கு இப்பவே லீவு எழுதிக் கொடு. சித்திக்கு முழங்கால் தைலம் மறக்காதே. நீங்கள் ரெண்டு பேரும் ஆயிரம் பிறை பார்க்கணும்.

இப்படிக்கு,
சர்க்காரே மாமனார்னு ஒத்துக்கிட்ட உன் சித்தப்பா,
சகாதேவன்