அக்கரையில் நிற்கும் மூன்றாம் வண்டி

பீரோவை நகர்த்தினால் அந்த ஆறு பக்கத் தாயக்கட்டை கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நீங்கள் போன இந்தப் பதினாலு மாதமும் பீரோவை யாரையும் தொட விடவில்லை. இன்று காலை பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் என்னைக் கேட்காமலே இழுத்துவிட்டார்கள். அடுப்படியில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. இரும்புக் கால் தரையில் கிறீச்சிடும் சத்தம் கேட்டு, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தேன். அதற்குள் பெயிண்டர் அண்ணாச்சி கைக்குக் கட்டை போய்விட்டது.

அவர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் உங்களிடம் ஒத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

நாம் ஆடியது என்ன என்று இந்தத் தெருவுக்குக் கடைசிவரை புரியவில்லை. "கிழவனும் கிழவியும் சொப்பு வச்சு விளையாடுதாக" என்று எதிர்வீட்டுக்காரி குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். பட்டாளத்தில் டாங்கி ஓட்டிய மனிதர், தீப்பெட்டி ஆபீஸில் லாரி ஓட்டி ஓய்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியோடு உட்கார்ந்து எழுபத்தொன்றாம் வருடப் பாகிஸ்தான் சண்டையைத் திரும்பவும் நடத்தினார் என்றால் யாருக்குப் புரியும்?

ஆரம்பத்தில் டாங்கிகள் எல்லாம் தீப்பெட்டிகள்தான். பெட்டியின் மேல் பாதிப் பெட்டி ஒட்டி, மருந்து முக்காத குச்சி ஒன்றைக் குழலாகச் செருகுவீர்கள். பிறகு பேத்தி சென்னையிலிருந்து விரல் நீளத்தில் அசல் மாதிரியே பிளாஸ்டிக் டாங்கிகளும், ஆடும் முறை அச்சடித்த இங்கிலீஷ் புத்தகமும் வாங்கி அனுப்பினாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்காக அந்த விதிகளை எல்லாம் நாற்பது பக்க நோட்டில் தமிழில் கொட்டை எழுத்தாக எழுதிக் கொடுத்தீர்கள். சாலையில் ஆறு அங்குலம், வயலில் மூன்று அங்குலம். ஐந்தோ ஆறோ விழுந்தால் குண்டு பட்டது. பட்ட வண்டியின் தலையில் ஒரு துணுக்குப் பஞ்சு வைக்க வேண்டும். அதுதான் புகை.

புதியம்புத்தூர் ஜவுளிக் கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கிற பாவாடைத் துணிகளை நான் வெட்டும் மேஜைதான் போர்க்களம். அளவு நாடாவும் என்னுடையதுதான். கரிசல் மண்ணைக் கூழாகக் கரைத்து, பலகையில் ஊற்றி, மாடியில் இரண்டு நாள் காயப் போடுவீர்கள். அது தானாகவே பாளம் பாளமாக வெடித்துவிடும். சின்ன வண்டிக்கு ஏற்ற சின்ன வெடிப்பு. அதுதான் அந்த ஆற்றுப் படுகை. அக்கரைத் தோப்புக்குள் ஒளிந்திருக்கும் மூன்று பீரங்கிகளும் எனக்கு. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நான்தான் எதிராளி.

சும்மா உட்கார்ந்து பொம்மை நகர்த்தியவள் இல்லை நான். தொடர்ந்து மூன்று வாரம் உங்களைத் தோற்கடித்தேன். பேத்தி போனில் கேட்டாள்.

"ஆச்சி, தாத்தாவயே தோக்கடிச்சிட்டீங்களாமே?"

"பின்ன? பட்டாளத்துல பதினஞ்சு வருசம் அவிய படிச்சத நான் ஒரு பருத்தி சீசன்ல படிச்சிட்டேன்னு சொல்லு."

நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு, "பீத்தாத ஏட்டி, தோப்புக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டுச் சுட்டா யாரும் ஜெயிக்கலாம்" என்றீர்கள்.

ஒரு விதி மட்டும் புத்தகத்தில் இல்லாதது. ஆற்றுப் படுகைக்குள் வண்டி இறங்கும்போது நிலம் தாங்குமா என்று தனியாக ஒரு கட்டை போட வேண்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தால் வண்டி புதையும். அதையும் எதிராளிதான் போட வேண்டும். "நிலத்துக்கு நீதான் போடணும். நான் போட்டா என் கை கள்ளத்தனம் பண்ணும்" என்றீர்கள். படுகையில் முதலில் இறக்குவது எப்போதும் மூன்றாம் வண்டிதான். அது புதைந்து குண்டு பட்டால், பஞ்சை என்னை வைக்க விட மாட்டீர்கள். நீங்களே வைப்பீர்கள். வைத்துவிட்டு முற்றத்துக் குழாயில் போய்க் கை கழுவிவிட்டு வருவீர்கள்.

ஒரு ஞாயிறு நான் கேட்டேவிட்டேன். "ஏன் எப்பப் பாத்தாலும் மூணாம் வண்டியையே தள்ளுதீங்க?"

முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு ஒரு தரம்கூடச் சொன்னதில்லை.

விடிகிற நேரம். உங்கள் வண்டியும் மூன்றாம் வண்டியும் ஆற்றங்கரையில் நிற்கின்றன. மூன்றாம் வண்டியை ஓட்டியவர் உங்கள் சிநேகிதர் ஜோசப். வயர்லெஸ்ஸில் உங்களைக் கேட்டார், "நீ வெள்ளாமை பாக்குற சம்சாரி வீட்டுப் பிள்ளைதான? மண்ணு எப்படி இருக்கு, சொல்லு." நீங்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தீர்கள். படுகை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நம் கரிசலில் நிலம் வெடித்தால் முழங்கை ஆழத்துக்குக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பார வண்டி பூட்டிக்கொண்டு குறுக்கே போகலாம். பிறந்ததிலிருந்து பார்த்த மண். இறங்கிக் குத்திப் பார்க்கவில்லை. "வெடிச்சுக் கெடக்கு, கெட்டியாத்தான் இருக்கும், போ" என்றீர்கள்.

அங்கே வெடிப்பு வெறும் தோல்தான். அடியில் சேறு. பத்து கஜம் போவதற்குள் வண்டி வயிறு வரைக்கும் இறங்கிவிட்டது. அப்புறம்தான் தோப்பிலிருந்து பீரங்கி பேசியது. உள்ளே இருந்த நாலு பேரில் ஒருவர் வெளியே வந்தார். அது ஜோசப் இல்லை.

"நீங்க வேணும்னா சொன்னீங்க?" என்று நான் கேட்டதற்கு, "பாக்காமச் சொன்னேம்லா" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஜெயிக்கிற ஆசை போய்விட்டது. ஒரு தடவையாவது உங்கள் மூன்றாம் வண்டி அக்கரை ஏற வேண்டும் என்றிருந்தது. கட்டையில் நல்லது விழுந்து படுகையைத் தாண்டினால், கரைக்கு முன்னால் என் பீரங்கி பிடித்துவிடும். வேண்டுமென்றே சுடாமல் விட்டால், "ஒழுங்கா ஆடு" என்று எரிந்து விழுவீர்கள். ஒரு நாள் இரண்டு விழுந்தது. சேலைத் தலைப்பால் மூடி, கட்டையைப் புரட்டி, "நாலு" என்றேன். வண்டி போயிற்று. என் குண்டுகளும் அன்று தானாகவே தப்பின. அக்கரை ஏறிவிட்டது. நீங்கள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அந்த வாரம் முழுக்க விசில் அடித்துக்கொண்டு திரிந்தீர்கள்.

அடுத்த ஞாயிறு பலகையை விரித்ததும், என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள். "போன வாரம் ரெண்டுதான விழுந்துச்சு?"

நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன். "தெரிஞ்சா அப்பவே கேக்க வேண்டியதுதான?"

"ஒரு வாரம் அவன் உயிரோட இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்." வண்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டே சொன்னீர்கள். "ஆனா இனிமே மண்ணப் பத்தி மட்டும் பொய் சொல்லாத ஏட்டி. நான் சொன்னது போதும்."

உங்கள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நாலு வருடம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

உங்கள் கடைசி ஞாயிறு ஐப்பசியில் வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மண்பலகை காயாமல், நாலு நாள் அடுப்பங்கரையில் வைத்துக் காய வைத்தோம். உங்களுக்கு அப்போதே மூச்சு இழுத்து இழுத்துத்தான் வந்தது. மூன்றாம் வண்டியைப் படுகை ஓரத்தில் வைத்துவிட்டு, "போடு" என்றீர்கள். உருட்டினேன். கட்டை மேஜை விளிம்பில் பட்டுத் தெறித்து பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

"வேற கட்டை போடுதேன்."

"அதெப்படி? விழுந்தது விழுந்ததுதான். குனிஞ்சு பாரு."

என் முழங்கால் உங்களுக்குத் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு பாதிதான் குனிந்தேன். அடியில் இருட்டு. ஒரு நூல் சுருளும் தூசியும் தெரிந்தன, அவ்வளவுதான். டார்ச்சு எடுத்து வந்திருக்கலாம். திரும்பிப் பார்த்தேன். வண்டியின் மேல் ஒரு விரலை வைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அஞ்சு" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

நீங்கள் உடனே நகர்த்தவில்லை. என் முகத்தைப் பார்த்தீர்கள். அப்புறம் நாடாவை வைத்து, மூன்று அங்குலம் அளந்து, அடுத்த முறைக்கு இன்னும் மூன்று அளந்து, வண்டியை அக்கரையில் ஏற்றினீர்கள். இடையில் என் பீரங்கி சுட வேண்டும் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "கரையேறிட்டான் ஏட்டி" என்றீர்கள். "இப்ப உன் முறை. மிச்சத்த அடுத்த வாரம் ஆடுவோம்."

செவ்வாய்க்கிழமை காலை காப்பி கொண்டு வந்து எழுப்பினேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த பீரோவைக் கடக்கும்போது சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறேன், கீழே இருந்து ஏதோ தொடும் போல. பங்குனியில் ஒரு துட்டி வீட்டில் துக்கம் கேட்கப் பசுவந்தனைக்கு பஸ்ஸில் போனேன். இரண்டு பக்கமும் நிலம் வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்தவள் "என்ன காய்ச்சல் காயுது பாருங்க" என்றாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதற்கு அடியில் என்ன இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்த மண்ணையே நம்ப முடியாதவளாகிவிட்டேன். நீங்கள் இத்தனை வருடமும் இப்படித்தான் இந்த ஊர் வயல்களைப் பார்த்துக்கொண்டு லாரி ஓட்டினீர்களா?

இன்று காலை பெயிண்டர் அண்ணாச்சி கட்டையை நீட்டினார். "இந்தாங்க ஆச்சி, தாயம் ஆடுவீகளோ?"

"எடுக்கும்போது எந்தப் பக்கம் மேல இருந்துச்சு?"

"அத யாரு பாத்தா? கெடந்துச்சு, எடுத்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கட்டையை வாங்காமல் நான் நிற்பதைப் பார்த்தாரோ என்னவோ, சிரிப்பை நிறுத்தினார். அவர் பார்வை கட்டைக்குப் போனது, என் முகத்துக்கு வந்தது, பிறகு ஈரச் சுவரில் போய் நின்றுகொண்டது.

"ஆறு, ஆச்சி. ஆறுதான் இருந்துச்சு. இப்பத்தான் ஞாபகம் வருது."

பொய் சொல்கிறார் என்று பார்த்த உடனே தெரிந்தது. அடுப்படியில் பால் கருகும் வாசனை வந்துகொண்டிருந்தது. நான் அசையாமல் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வண்டியை நகர்த்தினீர்கள். போன தடவை ஜோசப்புக்கு ஒரு வாரம் கொடுத்தீர்கள். இந்தத் தடவை கொடுக்க உங்களிடம் இரண்டு நாள்தான் இருந்தது.

நான் பார்க்கவில்லை. பாக்காமத்தான் சொன்னேன். உங்களிடம் ஒத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

அன்றிலிருந்து கலைக்காமல் வைத்திருந்த மண்பலகையை என்ன செய்ய என்று வெள்ளையடிக்கிறவர்கள் கேட்டார்கள். யாரையும் தொட விடாமல் நானே தூக்கி, அடுப்படி மேடைக்குக் கொண்டு வந்து வைத்திருக்கிறேன். ஒரு பாளம்கூட உதிரவில்லை. மூன்றாம் வண்டி நீங்கள் வைத்த இடத்திலேயே அக்கரையில் நிற்கிறது. தோப்புக்குள் என் பீரங்கி அதைப் பார்த்தபடி இருக்கிறது. பதினாலு மாதமாக என் முறை. கட்டையை முந்தானையில் முடிந்துகொண்டேன். நான் உருட்டப் போவதில்லை.