எள்ளெண்ணெய் எரிக்காத சனிக்கிழமைகள்

நேற்று உன் தம்பியின் மனைவி யூனியன்வில்லிலிருந்து வந்து உன் உடுப்புகளை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். கறுப்புக் குப்பைப் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "வேணுமெண்டதை எடுங்கோ அக்கா, மிச்சத்தை டொனேசன் பெட்டியிலை போட்டுவிடுங்கோ" என்றாள். மேலே கிடந்தது அந்த ஊதா நிறப் பனி ஜாக்கெட். பனிச்சறுக்கு வகுப்புக்குத் தந்த சீட்டு இன்னும் அதன் ஜிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. "இந்தச் சீட்டு ஆற்றையோ மாறி வந்திட்டுது, மச்சாளுக்கு உது எங்காலை?" என்று இழுத்துப் பார்த்தாள். என்னுடையதுதான் என்று சொல்லி ஜாக்கெட்டோடு வாங்கிக்கொண்டேன். அவள் போன பிறகு முகர்ந்து பார்த்தேன். கழுத்துப் பட்டியில் உன் தலையெண்ணெய் மணம் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"மார்ச் லீவுக்கு ஸ்கீ பண்ணப் போறம், அக்கா, நீங்களும் வாறியள்" என்று தம்பி சொன்ன அன்றே நீ பஸ் பிடித்து வெக்ஸ்போர்டில் இருக்கும் உன் சிநேகிதி என்னிடம் ஓடி வந்தாய். "எடியே, என்னையும் கூட்டிக்கொண்டு போகினமாம்." உன்னை அதுவரை ஒருவரும் எங்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை. நீதான் எல்லாரையும் கூப்பிட்டவள். தம்பியை ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டாய், படிப்பித்தாய், பொம்பிளை பார்த்துக் கட்டிவைத்தாய், அவன் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாய். உனக்கென்று ஒரு மாப்பிள்ளை பார்க்கும் எண்ணம் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் வந்ததில்லை. நான் அதைச் சொன்னால், "சும்மா இரடி" என்று என் வாயை அடைப்பாய்.

பிள்ளைகளுக்கு முன்னால் விழுந்தெழும்பினால் வெட்கம், முதலே பழகிக்கொண்டு போகவேண்டும் என்றாய். நோர்த் யோர்க்கில் உள்ள சின்னக் குன்றில் சனிக்கிழமை காலைகளில் புதியவர்களுக்கு வகுப்பு நடந்தது. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். வீட்டில் சொன்ன பொய்தான் பெரிய பகிடி. கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கப் போகிறாயாம். திரும்பி வரும்போது என் காரின் கண்ணாடியைத் திருப்பி வைத்து, சிவந்த மூக்குக்கு மேலே விபூதி பூசுவாய். மச்சாளுக்கு வர வரப் பக்தி கூடிவிட்டது என்று தம்பியின் மனைவி மெச்சினாளாம்.

அந்த இறுக்கமான சறுக்குச் சப்பாத்துக்குள் காலை விடுவதற்கே நமக்கு மூச்சு வாங்கியது. படிப்பித்தவள் ஒரு சின்னப் பெட்டை. சறுக்குப் பலகைகளின் முன்நுனிகளைக் கிட்டவும் பின்பக்கங்களை அகலவும் வைத்தால் வேகம் குறையும், பீட்சாத் துண்டு மாதிரி இருப்பதால் அதற்குப் பெயர் பீட்சா என்றாள். "பீட்சாவாம், வடிவாய் வையடி" என்று நீ என்னை அதட்டினாய். நான் இரண்டு தடவை குப்புற விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்க்குத் தேத்தண்ணீரோடு ஓரத்து மர வாங்கில் குந்திவிட்டேன். நீ விடவில்லை. விழுந்தாய், எழும்பினாய், பனியைத் தட்டினாய், திரும்ப ஏறினாய். கடைசிச் சனிக்கிழமை உச்சியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கி, சரியாக என் காலடியில் வந்து நின்றாய். "இத்தனை வருசமா இந்த நாட்டிலை வழுக்கி விழுந்திடுவன் எண்டு பயந்து பயந்தெல்லோ நடந்தனான். இண்டைக்கு நானே வழுக்கிக்கொண்டு வாறன், பாரன்" என்றாய். உன் முகத்தை நான் அப்படி அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு அந்த விடுமுறை வந்தது. காரில் உன் மடிமேல் ரைஸ் குக்கரும் மிளகாய்த்தூள் போத்தலும். அப்போதாவது உனக்கு விளங்கியிருக்க வேண்டும். அங்கே முதல்நாள் காலை வகுப்புக்குத் தம்பி நாலு பேருக்குத்தான் பதிந்திருந்தான். அவன், மனைவி, பிள்ளைகள் இரண்டு. நீ ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு நிற்க, அவன் சிரித்தானாம். "அக்கா, உது உங்களுக்குச் சரிவராது. முழங்கால் போனால் ஆர் பாக்கிறது? நீங்கள் ரூமிலை சூடா இருங்கோ, நாங்கள் பசியோடை வருவம்."

நீ அறை யன்னலில் நின்று எனக்குப் போன் எடுத்தாய். கீழே உன் தம்பி விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தான். "எடி, அவன் முன்பக்கத்தையெல்லோ அகட்டுறான். பின்பக்கத்தை அகட்ட வேணும். ஐயோ, திரும்பவும் விழுந்திட்டான்." போய்ச் சொல்லு, பலகையை வாடகைக்கு எடு, அவனுக்கு முன்னால் இறங்கிக் காட்டு என்று நான் கத்தினேன். "விடடி. நான் அவனிலும் வடிவா ஓடினால் அவனுக்கு வெக்கமாப் போயிடும். அடுத்த வருசம் நாங்கள் ரெண்டு பேரும் தனியப் போவம். போனை வை, கறி அடிப்பிடிக்கப் போகுது" என்றாய். அவனுக்கு வெட்கமாம். உன்னிலும் எனக்குக் கோபம் இருக்கிறது, தெரிந்துகொள். அந்த நல்ல குணத்தை உனக்கு ஆர் படிப்பித்தது?

அடுத்த பனி விழ முன்னமே நீ போய்விட்டாய். காலையில் தேத்தண்ணீர் போட எழும்பியவள் குசினியிலேயே விழுந்தாயாம். செத்தவீட்டில் உன் தம்பி மைக்கைப் பிடித்து அழுதழுது பேசினான். "அக்காவுக்குப் பனி எண்டால் சரியான பயம். நாங்கள் ஸ்கீ பண்ணேக்கை யன்னலாலை பாத்துக்கொண்டே நிண்டவ. அவவுக்கு அதுவே சந்தோசம்." சனம் மூக்கைச் சிந்தியது. எனக்குப் பற்றி எரிந்தது. முடிந்ததும் நேரே போய், "தம்பி, உன்ரை அக்காவுக்குப் பனியிலை பயமில்லை. அவ ஸ்கீ பழகினவ. உன்னிலும் வடிவா ஓடுவா" என்றேன். அவன் என் தோளைத் தடவினான். "ஓம் அக்கா, ஓம். நீங்களும் நல்லாக் களைச்சுப் போனியள். அங்கை போய் இருந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ."

பைத்தியத்துக்குச் சொல்வதுபோல் சொன்னான். இரண்டாம் தரம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குன்றிலிருந்து நீ இறங்கி வந்ததைப் பார்த்த ஆள் இப்போது நான் ஒருத்திதான். எனக்கும் பிரஷர், சுகர் எல்லாம் இருக்கிறது. நானும் போய்விட்டால், அவன் சொன்னதுதான் நீ.