மூடு, மூடியாச்சு

என்னங்க,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

எங்கள் சலவைக்கூடத்தில் எல்லோரும் பேசுவது பிரெஞ்சு. அதில் 'ஃபெர்ம்' என்றால் மூடு. ஒரே அசை. எழுதும்போது கடைசியில் ஓர் உயிரெழுத்து நிற்கும், ஆனால் வாயைத் திறக்காது. 'ஃபெர்மே' என்றால் இரண்டு அசை, அழுத்தம் இரண்டாவதில். மூடியாச்சு என்று பொருள். நம் வாய்க்குத்தான் மெய்யெழுத்தில் நிற்கத் தெரியாதே, பஸ்ஸைக்கூடப் பஸ்ஸு என்போம்.

செவ்வாய்க்கிழமை இஸ்திரி இயந்திரத்தின் நீராவிக் குழாய் கசிந்தது. வால்வை மூடச் சொல்லி மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினேன். பதற்றத்தில் சொல்லின் கடைசி நீண்டு 'ஃபெர்மே' என்று வந்துவிட்டது. நானே மூடிவிட்டேன் என்று நம்பி அவர் குழாயைக் கழற்றக் கை வைத்தார். பாய்ந்துபோய் அவர் கையைத் தட்டிவிட்டேன். அவருக்கு ஒன்றுமில்லை. ஆவி என் வலது கையில் கொஞ்சம் பட்டது. அந்தச் சீறல்தான் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

"நீ சொன்னதைத்தானேம்மா நம்புனேன்?" என்றார்.

பாப்பாவின் பழைய பருத்திச் சட்டை ஒன்று அனுப்புங்கள். தலையணைமேல் போட்டுக் கையை வைத்துக்கொள்ள மெத்தென்று இருக்கும். துவைக்க வேண்டாம், துவைக்க இங்கே நான் இருக்கிறேன்.

கட்டு மாற்றக் கூப்பிடுகிறார்கள். அத்தை கேட்டால் கை ஆறிவிட்டது என்று சொல்லுங்கள். ஆறுகிறது என்பது உங்களுக்கு மட்டும்.